பின் அச்சில் ஆயில் கசிந்தால் முதலில் பிரீதரைப் பாருங்கள்

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி புடைத்த ஓர் இரும்புக் கூடு தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல் ஹவுசிங். அதன்மேல் ஆயிலும் புழுதியும் கலந்து கறுப்பாகப் படிந்திருந்தால், ‘ஆயில் சீல் போச்சு’ என்று உடனே சொல்லிவிடுகிறோம். சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்தான் சீல். சீல் போயிருக்கலாம். ஆனால் அது ஏன் போனது என்று பார்க்காமல் புதிய சீலை அடித்தால், அதுவும் சீக்கிரமே கசியத் தொடங்கும்.

கூட்டுக்குள் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் பல்லோடு பல் உரசிச் சுழல்கின்றன. கிரௌனின் அடிப்பாகம் கியர் ஆயிலில் முங்கியிருக்கும். சுற்றும்போது ஆயிலை வாரியெடுத்துப் பல்லுக்கும் பேரிங்குக்கும் இறைக்கும். பற்கள் உருள்வதோடு வழுக்கிக்கொண்டும் போவதால் நல்ல சூடு பிறக்கிறது. ஆயில் மட்டுமா சூடாகிறது? அதற்கு மேலே கூட்டில் அடைபட்ட காற்றும் சேர்ந்து சூடாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. காலையில் 30 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று, ஓட்டத்தில் 90 டிகிரிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் இது 303-லிருந்து 363. வெளியேற வழியில்லை என்றால் அழுத்தமும் அதே விகிதத்தில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது சுமார் 0.2 பார், 3 பிஎஸ்ஐ. டயர் காற்றோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் சீலுக்கு இது பெரிய சுமை.

சீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்வட்டத்தில் ரப்பர் உதடு, அதைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பி வளையம். அந்தக் கம்பி உதட்டை ஷாஃப்ட்டின் மேல் மெதுவாக இறுக்கிப் பிடிக்கிறது. உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயில் படலம் ஒன்று நிற்கும். உதடு தேயாமல் இருப்பது அதனால்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் உதடு ஷாஃப்ட்டை அளவுக்கு மீறி அழுத்திச் சூடாகித் தேயும். தேய்ந்த இடம் வழியாக ஆயில் வெளியே வரும்.

இதைத் தடுக்கத்தான் ஹவுசிங்கின் மேல்புறம் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். சேறும் புழுதியும் அதை எளிதாக அடைத்துவிடும். சற்றுத் தூரம் ஓட்டிவந்து அதைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று காற்று வெளியேறினால், அடைப்பு உறுதி. டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். அடைத்த பிரீதர் எதிர்த்திசையிலும் கெடுதல் செய்யும். சூடான கூடு தண்ணீருக்குள் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால், உள்காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதை அப்படியே மாற்றிவிட வேண்டியதுதான்.

சரி, பிரீதர் சுத்தம், இன்னும் கசிகிறது. முதலில் கூட்டைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயில் கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் எது மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் ஊற்றுக்கண். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில் என்று மூக்கே சொல்லிவிடும்.

பின்மூடி கழற்றக்கூடிய வகை என்றால் அங்கே கசிவது எளிய வேலை. தகட்டு மூடியின் போல்டுகளை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். துளையைச் சுற்றித் தகடு குழிந்திருக்கும். அதைத் தட்டிச் சமப்படுத்தாமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் பயனில்லை. இரண்டு பரப்பிலும் ஆயில் பிசுக்கே இல்லாமல் துடையுங்கள். போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பினியனின் ஷாஃப்ட் கூட்டின் முன்புறம் வெளிவரும் இடத்தில் இருக்கும் பினியன் சீல் அப்படியல்ல. உதடு உரசும் பளபளப்பான இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலும் நிற்காது, அதன்மேல் ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறையை ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் பினியன் நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் இறுக்கத்தையும் நிர்ணயிக்கிறது. எனவே பழைய நிலையைக் குறித்துக்கொள்ளாமல் அதைக் கழற்றாதீர்கள். இதைத் தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போய், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டிருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். பெரும்பாலான வண்டிகளில், சமதரையில் நிறுத்தி, அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்றினால் போதும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்துப் பிரீதர் வழியாக வெளியே வரும். அதையும் கசிவு என்று நினைத்துச் சீல் மாற்றுகிறவர்கள் உண்டு.

லேசான ஈரம் மட்டும், சொட்டு விழவில்லை என்றால் அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். ஆனால் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அது சின்னக் கசிவே அல்ல. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் சீல் வழியாக வரும் ஆயில் பிரேக் லைனிங்கில் ஊறியிருக்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஊறிய லைனிங்கைக் கழுவிப் போட்டு ஓட்டாதீர்கள். சூடாகும்போது உள்ளிருக்கும் ஆயில் மறுபடி மேலே வரும்.