ரிடிம்: பாட்டுக்கு அடியில் கிடக்கும் மெட்டு

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசைக்குப் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) பழகத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பாட்டு எந்த ரிடிம்?" கேட்பவர் ராகத்தைக் கேட்கவில்லை, சுருதியைக் கேட்கவில்லை, தாளத்தையும் கேட்கவில்லை. ஆங்கில அகராதியில் 'ரிதம்' என்ற சொல்லுக்கு நேராகத் தாளம், லயம், சந்தம் என்றுதான் போட்டிருக்கும். அந்த மூன்றில் எதை வைத்தாலும் கேள்வி பொருளற்றுப் போகிறது. "இந்தப் பாட்டு எந்த லயம்?" என்று யாராவது கேட்பார்களா?

ஜமைக்காவில் ரிடிம் என்பது ஒரு பொருள். அதற்குப் பெயர் உண்டு, பிறந்த ஆண்டு உண்டு. ஒரு ரெகே பாட்டிலிருந்து பாடுபவரின் குரலை உருவிவிடுங்கள். மிஞ்சி நிற்பது டிரம்ஸின் அடியும், அதோடு பின்னிக்கொண்டு மறுபடி மறுபடி வரும் பேஸ் வரியும், மேலே வெட்டி வெட்டி விழும் கிட்டார், ஆர்கன் ஒலிகளும். அந்த மொத்தம்தான் ரிடிம். அதிலும் ஆளை அடையாளம் காட்டும் முகம் பேஸ் வரிதான். டிரம்ஸை மாற்றி வாசித்தாலும் ரிடிம் எதுவென்று தெரியும்; பேஸ் வரியை மாற்றினால் அது வேறு ரிடிம் ஆகிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு 'ஸ்டாலக்' ரிடிம். வின்ஸ்டன் ரைலியின் தயாரிப்பில் ஆன்சல் காலின்ஸ் 1973இல் பதிவுசெய்த, குரலே இல்லாத இசைத்துண்டு அது. 1982இல் சிஸ்டர் நான்சி அதன்மேல் 'பாம் பாம்' பாடினார். 1985இல் டெனர் சா அதே ரிடிமின்மேல் 'ரிங் த அலாரம்' பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொற்கள் வேறு, குரல் வேறு, பாடும் இசையே வேறு. அடியில் ஓடுவது மட்டும் ஒன்று. ஜமைக்காவில் இதைத் திருட்டு என்று ரசிகர்கள் நினைப்பதில்லை. பழகிய ரிடிமில் புதிதாக என்ன செய்கிறார் என்றுதான் காது கொடுக்கிறார்கள்.

இனி சொல்லின் வரலாறு. வேர் கிரேக்கம்: 'ரித்மோஸ்'. ஓடுதல், ஒழுகுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து அது வந்ததென்பது வழக்கமான விளக்கம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரிதம்' ஆனது. ஜமைக்காவின் பேச்சுமொழியில் அது 'ரிடிம்' ஆனது. நாக்கைப் பல்லிடையில் வைத்து மென்மையாக எழுப்பும் ஆங்கில ஒலி அந்தப் பேச்சில் 'ட'கரச் சாயலுள்ள ஒலியாக மாறும். 'தெம்' அங்கே 'டெம்', 'தட்' அங்கே 'டட்'. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் நாவில் ஆங்கிலம் புது உருவம் எடுத்தபோது நிகழ்ந்த மாற்றங்களில் இது ஒன்று.

இங்கே தமிழருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் 'ரிதம்' என்று எழுதிப் படிக்கும்போது நடுவில் வரும் 'த' கிட்டத்தட்ட அந்த ஆங்கில மென்மையோடுதான் ஒலிக்கிறது. 'அது', 'இது' என்னும்போது வரும் அதே ஒலி. ஆகவே நம் வாய்க்கு 'ரிதம்' இயல்பு. 'ரிடிம்' என்பதை நாம் வேண்டுமென்றே தேர்ந்து எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் ஒற்றை 'ட' போதும். 'ரிட்டிம்' என்று இரட்டித்தால் ஒலி வன்மையாகிவிடும். 'ரிதம்', 'ரிடிம்' இரண்டையும் ஒன்றென்று எண்ணி மாற்றி எழுதுவதும் தவறு. முன்னது இசையின் பொதுப்பண்பு, பின்னது பெயர் சூட்டிய ஓர் ஆக்கம்.

பேஸ் இந்தச் சொல்லின் நடுவில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1960களின் முற்பாதியில் ஜமைக்காவை ஆண்ட ஸ்கா வேகமான இசை. அதில் நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். 1966 வாக்கில் ராக்ஸ்டெடி என்ற இசைவகை வந்து வேகத்தைக் குறைத்தது. மின் பேஸ் கிட்டார் பரவியது. இடம் கிடைத்ததும் பேஸ் நடப்பதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கியது: ஒரு சிறு வாக்கியம், ஒரு மௌனம், மறுபடி அதே வாக்கியம். ஜாக்கி ஜாக்சன், லெராய் சிபிள்ஸ் போன்றவர்கள் அமைத்த அந்த வாக்கியங்களில் பல இன்றும் ரிடிம்களாக உயிரோடு இருக்கின்றன. 1968ஐ ஒட்டி ரெகே பிறந்தபோது இந்தப் பேஸ் தயாராகக் காத்திருந்தது. பின்னால் 1985இல் 'ஸ்லெங் டெங்' ரிடிம் காசியோ எம்டி-40 என்ற சிறு விசைப்பலகையில் முன்பே பதிந்திருந்த ஓர் ஒலிக்கோவையிலிருந்து எழுந்தது. பேஸ் கிட்டாரே அதில் இல்லை. ஆனாலும் மக்கள் நினைவில் வைத்திருப்பது அதன் பேஸ் வரியைத்தான்.

பேஸ் நடுவில் விடும் அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிடிமைப் புரிந்துகொள்வது அங்கேதான். 'ஒன் டிராப்' என்ற அடியில் நான்கு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் பெரிய டிரம் விழாது. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் வெட்டும். மூன்றில் பெரிய டிரம்மும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் விளிம்புத் தட்டும் சேர்ந்து விழும். மற்ற இசைகளில் பலமாக அறையும் அந்த 'ஒன்று' இங்கே வெற்றிடம். பல பேஸ் வரிகளும் அந்த ஒன்றை விட்டுவிட்டே கிளம்புகின்றன. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பாரெட் டிரம்ஸில் விட்ட இடத்தில் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் எப்படி மூச்சு விடுகிறது என்று கவனித்தால் விளங்கும். நம் கச்சேரி மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது: தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்குவது அனாகத எடுப்பு. "அரை இடம் தள்ளி எடு" என்று பாட்டு வாத்தியார் சொல்வாரே, அதே உணர்வு.

பழகத் தொடங்கிய நாட்களில் நான் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தேன். சுரமெல்லாம் சரி, வேகமும் சரி, ஆனால் ரெகே வரவில்லை. ஒருநாள் வரியிலிருந்து இரண்டு சுரங்களை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் இடக்கை விரலைச் சற்றே தளர்த்தித் தந்தியை ஊமையாக்கினேன். சட்டென்று டிரம்ஸ் காதில் விழுந்தது. ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது என்பதற்கு இணையாக எப்போது நிற்கிறது என்பதையும் கை அறிந்திருக்க வேண்டும். ஒலியும் அப்படித்தான்: கட்டைவிரலின் சதையால், கழுத்து முடியும் இடத்துக்கு அருகே மீட்ட வேண்டும், உள்ளங்கையின் விளிம்பு குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் தந்திகள்மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும், டோன் குமிழைக் குறைத்துவிட வேண்டும். சிலர் தந்திகளுக்கு அடியில் பஞ்சுத் துண்டைச் செருகிக்கொள்கிறார்கள். மிகத் தடித்த தந்தி விரல் பதிக்காமல் ஒலிக்கும்போது நொடிக்கு 41 அதிர்வுகள்தான். அதைக் காது கேட்பதற்கு முன் நெஞ்சு கேட்கிறது.

இனி, தமிழில் என்ன சொல்வது? தாளம் என்பது எண்ணிக்கையின் அளவு மட்டும். அதில் சுரம் இல்லை. சந்தம் சொல்லின் ஓசைக்கு உரியது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. அவையும் செய்யுளின் ஓசை நடைகளே. மெட்டு நெருங்கி வருகிறது. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைமேல் 'இன்ன பாட்டு மெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே இசை, பல பாட்டு: ரிடிமின் பாதி குணம் இதில் இருக்கிறது. ஆனால் மெட்டில் பாடும் இசை நிலைத்திருக்கும், சொல் மாறும். ரிடிமில் பாடும் இசையும் மாறும். நிலைத்திருப்பது அதற்கு அடியில் இருப்பது.

ஆகவே நான் 'அடிமெட்டு' என்கிறேன். 'அடி' இங்கே ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. அடி என்றால் கீழ். பேஸின் இருப்பிடம் அது. அடி என்றால் தட்டு. டிரம்ஸின் வேலை அது. பறையில் ஒவ்வொரு தாளக்கட்டையும் அடி என்றே சொல்கிறார்கள். 'மெட்டு'க்கும் இன்னொரு பொருள் உண்டு: வீணையில் விரல் பதியும் கட்டையின் பெயரும் மெட்டுதான். பேஸ் கிட்டாரின் கழுத்திலும் இடக்கை விரல்கள் பதிவது மெட்டுகளுக்கு இடையில்தான். 'பின்னணி இசை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னணி என்றால் பின்னால் ஒதுங்கி நிற்பது. ஜமைக்காவில் பாடகர்தான் ரிடிமைத் தேடி வருகிறார்.

எழுத்தில் இப்படிப் புழங்கலாம்: "பாம் பாம், ஸ்டாலக் அடிமெட்டில் அமைந்த பாட்டு." "ஒரே அடிமெட்டில் நாலு பாட்டு கேட்டேன்." ஜமைக்காவில் பாடுபவர் ரிடிமின்மேல் சவாரி செய்வதாகச் சொல்வார்கள், நாம் அடிமெட்டில் ஏறிப் பாடுகிறார் எனலாம். வாசிப்பவருக்கு ஏற்கெனவே வினை இருக்கிறது: தாளம் பிடிப்பது போல, அடிமெட்டைப் பிடிப்பது. ஜமைக்காவின் சூழலையே பேசும் கட்டுரையில் முதல் முறை 'ரிடிம்' என்றே எழுதி, அடுத்த வரியிலிருந்து அடிமெட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.