அசைவு மட்டும் தெரியாமல் போனால்?

கோப்பையில் தேநீர் ஊற்றுவதே அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாடு. விழும் தேநீர் பனிக்கட்டியாக உறைந்து நிற்பதுபோல் தெரிந்தது. மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்றும் புரியவில்லை. தெருவைக் கடப்பது இன்னும் மோசம். தூரத்தில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும்; நடுவில் அது வந்ததே தெரியாது. போகப் போக, சத்தம் கூடுவதை வைத்து வண்டியின் தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார்.

மியூனிக் நகரில் யோசெஃப் ட்ஸீலும் சகாக்களும் இவரைப் பரிசோதித்து 1983-இல் எழுதினார்கள். நிறமும் உருவமும் இவருக்குச் சரியாகவே தெரிந்தன. மூளை ரத்தக்குழாய் அடைப்பால் மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் சேதம். அசைவைக் கவனிக்கும் எம்.டி. என்ற பகுதியும் அதில் அடிபட்டிருந்தது.

பொருள் முன்பு அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் அசைவை அறிகிறோம் என்று நினைப்போம். அந்தக் கணக்கு இவருக்கும் வந்தது. வராதது அசைவு.

அப்படியானால் அதை எது கண்டுபிடிக்கிறது? வண்டுகளை வைத்து ஆராய்ந்த ஹாசன்ஸ்டைன், ரைக்கார்ட் இருவரும் 1956-இல் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். கண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். முதல் புள்ளியின் சைகை சற்றுத் தாமதமாகப் போகிறது, இரண்டாவதன் சைகை உடனே போகிறது. வெளிச்சம் முதலிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்தால் இரண்டு சைகைகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அங்கே உள்ள செல் துடிக்கும். எதிர்த்திசையில் நகர்ந்தால் சேரவே சேராது. அவ்வளவுதான் சூட்சுமம். இந்தச் செல்லுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. திருவிழாப் பந்தலில் சீரியல் பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தாலே வெளிச்சம் ஓடுவதாகத் தெரிகிறதே, நொடிக்கு 24 அசையாப் படங்கள் சினிமா ஆகிறதே, அதெல்லாம் இந்தச் சலுகையில்தான்.

மியூனிக் பெண்ணின் நிலைக்கு நேர் எதிரான விநோதம் ஒன்றும் உண்டு. 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பினார். பாறை மேலே ஏறியது! கீழ்நோக்கிய அசைவுக்கான செல்கள் களைத்துப்போக, மேல்நோக்கிய செல்களின் கை ஓங்கிவிடுகிறது. குற்றாலத்திலும் செய்து பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாறை ஏறிக்கொண்டே இருக்கும், இருந்த இடத்தை விட்டு நகராது. மியூனிக் பெண்ணுக்கு இடம் மாறியது, அசைவு இல்லை. இங்கே அசைவு இருக்கிறது, இடம் மாறவில்லை.

அசைவு தெரிவது இந்தச் செல்களால்தானா என்று, பிறகு நியூசம் என்ற ஆய்வாளரும் சகாக்களும் குரங்குகளிடம் இன்னும் நேரடியாகவே சோதித்தார்கள். திரையில் சிதறி நகரும் புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று குரங்கு சொல்ல வேண்டும். அப்போது எம்.டி. பகுதியில் ஒரு திசைக்கான செல்களுக்கு மட்டும் லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். திரையில் எதையும் மாற்றவில்லை. குரங்கின் பதில் அந்தத் திசைப் பக்கம் சாய்ந்தது.