விசுவாசம்: நம்புவதும் தேறுவதும்

வேலூர்க் கோட்டையின் அகழிக்குள் ஜலகண்டேசுவரர் கோயில், புனித ஜான் தேவாலயம், ஒரு பள்ளிவாசல் மூன்றும் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிறவர் பக்தி என்பார், கிறிஸ்தவர் விசுவாசம் என்பார், இஸ்லாமியர் ஈமான் என்பார். இங்கே எடுத்துக்கொண்டது நடுவில் உள்ள சொல்.

விசுவாசம் வடசொல். சுவாசம் என்பதில் உள்ள அதே வேர்தான். பயமில்லாமல் மூச்சு விடுதல், அதிலிருந்து ஒருவரை நம்பி நிம்மதியாக இருத்தல் என்று பொருள் வளர்ந்தது. ஈமானின் அரபு வேரும் அச்சமின்மை, பாதுகாப்பு என்பதே. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிறர் ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்பதும் அந்த வேர்ச்சொல்தான். ஆக, இரண்டு சொல்லும் மனநிலையைச் சொல்கின்றன. நம்பப்படும் சங்கதி உண்மையா என்று அவை சொல்வதில்லை.

சரி, இதற்குத் தமிழ் என்ன? நம்பிக்கை என்று உடனே சொல்லிவிடலாம். பழைய தமிழ் பைபிளில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று மூன்று வரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விசுவாசத்தை 'நம்பிக்கை' ஆக்கியது. அப்புறம் பழைய நம்பிக்கைக்கு இடமில்லாமல் போய், அது 'எதிர்நோக்கு' ஆயிற்று. எனக்கு இந்த மாற்றம் பிடிக்கும். ஆனாலும் ஊரில் பலர் வாயில் இன்னும் விசுவாசம்தான். விசுவாசி என்ற சொல்லை நகர்த்துவது லேசில்லை.

நம்பிக்கையின் வேரான நம்பு என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள் வேறு: 'நம்பும் மேவும் நசையாகும்மே'. நசை என்றால் விருப்பம். நம் பக்கத்தில் இந்தப் பழம்பொருள் செத்துப்போகவில்லை. பெரிய வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனத்தில் பணத்தைப் போட்டு இழந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு மூச்சில் 'நம்பிப் போட்டேன்' என்பார்கள், அடுத்த மூச்சில் 'ஆசைப்பட்டுப் போட்டேன்' என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. சொர்க்கம் உண்டு, நீதி ஒருநாள் கிடைக்கும் என்பதிலும் விருப்பம் கலந்திருக்கிறது. விரும்புவதால் அது பொய்யாகிவிடாது, மெய்யாகவும் ஆகாது.

உண்மைக்கு வழிகாட்டாவிட்டாலும் ஒழுக்கத்துக்கு வழிகாட்டுமே என்பார்கள். 1890-களில் திண்டிவனத்தில் நடந்ததாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் சொன்னது நம் ஊரில் பலருக்கும் தெரியும். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவரோ அப்போது மருத்துவம் படிக்காதவர். தந்தை மருத்துவர், ஆனால் அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மதத்தையும் வழக்கத்தையும் சொல்லி மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கடவுளின் அழைப்பு என்று எடுத்துக்கொண்ட ஐடா, மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார்.

மறுத்தவர்களுக்கும் பக்தி இருந்தது, ஐடாவுக்கும் இருந்தது. எது சரி என்று பிரித்துக் காட்டியது பக்தியின் அளவு இல்லை. அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான். விசுவாசம் ஐடாவுக்குத் தெம்பு கொடுத்தது, அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பிணியை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அவர் கல்லூரியில்தான் கற்றார். இன்றும் அறுவைக்கு முன் ஜெபிக்கிற மருத்துவர் ரத்த வகையைச் சோதிக்காமல் ரத்தம் ஏற்றுவதில்லை. 'கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது' என்று பைபிளும் சொல்கிறது; விசுவாசத்தையும் செயலை வைத்தே எடை போடச் சொல்லும் வரி அது.

சோதித்தபின் வரும் நம்பிக்கைக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு: தேறுதல், தெளிதல். 'தேறற்க யாரையும் தேராது' என்கிறது குறள். ஆராயாமல் யாரையும் நம்பாதே என்று பொருள். அரசன் ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அதிகாரம்தான், ஆனால் மதபோதகர், சாமியார், மேடைப் பகுத்தறிவாளர் எவருக்கும் அது பொருந்தும்.

எழுதும்போது இப்படிப் பிரிக்கலாம். முதலாளி விசுவாசம், ராஜ விசுவாசம் என்ற இடங்களில் 'பற்று' போதும். மதம் பற்றியதற்கு 'இறைநம்பிக்கை'. சான்று பார்த்து ஏற்றதற்குத் 'தேற்றம்'. கடைசிச் சொல் பழசாகத் தெரிந்தால் பரவாயில்லை, 'பரீட்சையில் தேறினான்' என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.