டயருக்குள்ள இருந்த கருப்புத் தூள்

போன மாசம் தக்கலைல பஞ்சர் ஒட்ட டயரைக் கழட்டுனப்போ உள்ளேருந்து ஒரு கைப்பிடி கருப்புத் தூள் கொட்டிச்சு, நான் மண்ணுன்னு நினைச்சேன், கடைக்கார அண்ணன் விரல்ல தேச்சுக் காட்டி "மண்ணு இல்ல மக்கா, டயரு தான் பொடிஞ்சிருக்கு, காத்து இல்லாம ரொம்ப தூரம் ஓட்டியிருக்கே"ன்னாரு. வெளிய ரோட்டைத் தொடுற பட்டன் (டயர் மேல இருக்க ரப்பர் கட்டைங்க) எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு, ஆனா பக்கவாட்டு சுவர் உள்ளுக்குள்ள செத்துப்போச்சு, அதுக்கு ஒட்டு போட முடியாது.

வண்டியோட எடையைத் தாங்குறது ரப்பர் இல்லங்க, உள்ள இருக்க காத்து. 1000 கிலோ கார்னா ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. காத்தோட அழுத்தம் 33 பி.எஸ்.ஐ.ன்னா (பங்க்ல காத்து அடிக்கும்போது சொல்ற அளவு) சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ அழுத்தம், அப்போ ரோட்டைத் தொடுற இடம் 108 சதுர சென்டிமீட்டர் தான், உள்ளங்கை அளவு. அதே காத்து 22க்கு இறங்குனா அந்த இடம் ஒன்றரை மடங்கு ஆகணும், அதுக்கு டயர் அமுங்கித்தான் ஆகணும், பக்கச் சுவர் அந்த அளவுக்கு மடங்கணும்.

மடங்குனா என்ன? கம்பியை மடக்கி மடக்கி ஒடிச்சிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க, சுடும். டயர்லயும் அதே கதை தான். குலசேகரம் பக்கம் சிரட்டைல வடியுற ரப்பர் பாலை அப்படியே ஷீட்டா அடிச்சா வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைக்கும். 1839ல சார்லஸ் குட்இயர் கந்தகம் சேத்து சூடாக்குனப்போ தான் அது இழுத்தா திரும்பி வர்ற உறுதியான பொருளாச்சு. ஆனா முழுசா திரும்புறதில்ல, அமுக்குற சக்தில ஒரு பங்கு சூடாவே தங்கிடும். 80 கி.மீ. வேகத்துல சக்கரம் செகண்டுக்கு 12 சுத்து சுத்தும், நாகர்கோவில்லருந்து ஆரல்வாய்மொழி வழியா திருநெல்வேலி போய்ச் சேர்றதுக்குள்ள சுவரோட ஒவ்வொரு இடமும் 40,000 தடவைக்கு மேல மடங்கி நிமிரும், நாலுவழிச்சாலை வெயில்ல அந்த சூடு வெளியேற நேரமே இல்லாம உள்ள ஏறி ஏறி ரப்பரும் அதுக்குள்ள இருக்க நூலும் பிரிஞ்சு டயர் வெடிக்குது. அதிக காத்தால தான் வெடிக்கும்னு நினைச்சு வெயில் காலத்துல கொறச்சு வைக்கிறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க!

காத்து பாக்குறதுன்னா காலைல வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கும்போதே பாருங்க, டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல போட்டிருக்க அளவு தான் கணக்கு. ஓடி வந்த டயர்ல மூணு நாலு பி.எஸ்.ஐ. கூட காட்டும், அதைப் பாத்து காத்தை இறக்கிடாதீங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, அதனால பட்டனையும் விடக்கூடாது. தண்ணி வெளியேற வழி பட்டனுக்கு நடுவுல இருக்க பள்ளம் தான், அது தேஞ்சா டயர் தண்ணி மேல மிதக்கும், பிரேக்கும் பிடிக்காது ஸ்டியரிங்கும் கேக்காது. பள்ளத்துக்குள்ள குட்டி மேடு இருக்கும், 1.6 மி.மீ. உயரம், பட்டன் அதுக்கு சமமா தேஞ்சிட்டா மாத்திருங்க.

அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்க. அன்னைக்கு நான் மாட்டக் கொடுத்ததுல 18 பி.எஸ்.ஐ. தான் இருந்துச்சு.