முறுக்கிக்கொண்டு நிற்கும் ரப்பர்: ஒரே ரிப்பேருக்கு இரண்டு பில் ஏன்?

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். தினமும் காரில் மதுரைக்கு வந்துபோகிறவர். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்சக்கரப் பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம். பட்டறையில் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் மூட்டில் உள்ள ரப்பர், போய்விட்டது என்றார்களாம். நாலு புஷ்ஷுக்கு 1,400 ரூபாய், கழற்றி மாட்டக் கூலி 1,800, வீல் அலைன்மென்ட் 500. ஆக 3,700. எட்டே மாதத்தில் திரும்ப அதே சத்தம், அதே பில். “கட்டைவிரல் அளவு ரப்பருக்கு இத்தனை செலவா? அதுவும் இவ்வளவு சீக்கிரமா?” என்று கேட்கிறார். வீட்டில் கண்திருஷ்டி என்கிறார்களாம். பாண்டி கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய் மறுபடி பூஜை போடச் சொல்கிறார்களாம்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பொருள் மலிவு, அதை எட்டிப் பிடிக்கும் வழி நீளம். சக்கரத்தைக் கழற்றி, ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஆர்மை வெளியே எடுத்து, பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியதை அதே பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் கோணம் இம்மியளவு மாறினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும் என்பதால் அலைன்மென்ட்டும் பார்த்தாக வேண்டும். அந்த 500 ரூபாயை மிச்சம் பிடித்தால் டயரில் பல மடங்காகப் போகும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

சஸ்பென்ஷனில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இது எல்லோருக்கும் தெரியும். சக்கரம் மேலும் கீழும் போக, அதைப் பிடித்திருக்கும் ஆர்ம் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் கதவுக் கீல் போல அசைய வேண்டும். அந்தக் கீல்தான் புஷ். ஆனால் கதவுக் கீலில் இரும்பு இரும்போடு உரசும், எண்ணெய் விட வேண்டும். புஷ்ஷில் எதுவும் எதனோடும் உரசுவதில்லை. வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளிக்குழாய் ஆர்முக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள்குழாயை போல்ட் வண்டியோடு சேர்த்து நெரித்துப் பிடித்திருக்கும். ஆர்ம் அசையும்போது இரண்டு குழாய்க்கும் நடுவே ரப்பர் மட்டும் முறுக்கிக்கொள்ளும், பிறகு தானே திரும்பிவிடும். எண்ணெயும் கிரீஸும் இல்லாமல் லட்சக்கணக்கான தடவை அசையும் கீல் இது. இதை யோசித்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

இந்த அழகிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலையாக இருக்க வேண்டும். அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஒரு பக்கம் முறுக்கு, பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் முறுக்கு.

இப்போது பட்டறைக்கு வாருங்கள். வண்டி லிஃப்டில் நிற்கிறது, சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த நிலையிலேயே போல்ட்டை முழுக்க டைட் வைத்துவிட்டால், தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கினால் சக்கரம் மேலே வரும். 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆர்ம் 35 செ.மீ. நீளம் என்றால் கோணம் 0.23 ரேடியன், சுமார் 13 டிகிரி. உள்குழாயின் ஆரம் 9 மி.மீ. என்றால் ரப்பரின் உள்விளிம்பு 2 மி.மீ. விலகி நிற்கும். 8 மி.மீ. தடிமனுள்ள ரப்பரில் இது கால் பங்கு. வண்டி ஓடாமல் வீட்டு வாசலில் நிற்கும்போதும், இரவு முழுக்க, அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது.

முறுக்கி நிற்கும் ரப்பருக்குக் காற்றே எதிரி. இயற்கை ரப்பர் நீளமான கார்பன் சங்கிலிகளால் ஆனது. வழிநெடுக இரட்டைப் பிணைப்புகள். காற்றில் துளியளவே இருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளில்தான் கடிக்கும். தளர்வான ரப்பரில் கடிபட்ட இடம் அப்படியே கிடக்கும், மேல்தோலோடு சேதம் நின்றுவிடும். இழுபட்ட ரப்பரில் வெட்டு வாய் பிளக்கும், உள்ளே புதிய சங்கிலி வெளிப்படும், அதையும் ஓசோன் வெட்டும். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட், வளைத்து வைத்த ரப்பர் துண்டுகளில் எவ்வளவு சீக்கிரம் விரிசல் விழுகிறது என்பதைப் பார்த்தே காற்றின் ஓசோனை அளந்தார். நீங்களும் செய்யலாம். மொட்டைமாடியில் நிழலான இடத்தில் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்து மாட்டுங்கள், இன்னொன்றைப் பக்கத்தில் சும்மா போடுங்கள். சில வாரங்கள் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இரண்டையும் காட்டுங்கள். வகுப்புக்கும் கொண்டுபோகலாம், டீச்சர்.

ரப்பரே மட்டமாக இருந்தாலும் இதே கதிதான். ஆசிரியை தினமும் கடந்துவரும் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. ரப்பர் அறிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் கடையில் வாங்கிய உதிரிபாகத்தைச் சாதாரண மனிதர் கொடுத்துச் சோதிக்க எளிய வழியில்லை. பொறியியல் கல்லூரிகளில் அரசு பணம் போட்டு இப்படி ஓர் ஆய்வகமாவது திறக்க வேண்டும் என்பது என் கருத்து. புஷ்ஷை ஓங்கி முறுக்கும் வேகத்தடைகளையும் அளக்கச் சொல்ல வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்வது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் குவித்தது போன்ற மேடுகள்தான் ஊர்ப்பக்கம் நிறைய.

பூஜை போடுவதில் எனக்கு மறுப்பில்லை. வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்ற மனது அதில் இருக்கிறது. ஆனால் திருஷ்டி என்று சொல்லி நிறுத்திவிட்டால், போல்ட்டை யார் எந்த நிலையில் டைட் வைத்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த தடவை புஷ் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். “தம்பி, போல்ட்ட இப்போதைக்கு லேசா புடிச்சு வைங்க. வண்டிய இறக்கி, சக்கரம் எடைய வாங்கினப்புறம் கடைசி டைட்டு வைங்க” என்று சொல்லுங்கள். இறக்கினால் ஸ்பேனர் எட்டாது என்றால், ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை வைத்துச் சக்கரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கிய பிறகு டைட் வைக்கலாம். பத்து நிமிஷம் கூடுதலாகும். அதற்குத் தனிக்கூலி கேட்டால், தயங்காமல் கொடுங்கள்.