ப்ளே அமுக்கினால் மூன்றே வினாடியில் நிற்கும் கேசட் டெக்

ஸ்டோர் அறையில் பல ஆண்டு கிடந்த கேசட் டெக்குக்கு மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியும், மோட்டார் ஓடும் ஓசையும் கேட்கும். ப்ளே அமுக்கினால் மட்டும் இரண்டு மூன்று வினாடியில் ‘டக்’கென்று நின்றுவிடும். மோட்டார் போய்விட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். அநேகமாகப் போயிருப்பது ரப்பர்தான்.

டெக்குக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. கேப்ஸ்டன் என்ற மெல்லிய எஃகுத் தண்டும் அதன்மேல் அழுந்தும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் நாடாவை வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் இழுக்கின்றன. அப்படி வந்த நாடாவைத் தளராமல் சுருட்டுவது வலப்பக்க ரீலின் வேலை. அந்த ரீல் சுழல்கிறதா என்று ஓர் உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். சுழற்சி நின்றால் நாடா முடிந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு டெக்கை நிறுத்தும். ரீலைச் சுழற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம் வழுக்கினாலும் உணரிக்கு அப்படித்தான் தெரியும். சில டெக்குகளில், நாடா ஓடிய அளவைக் காட்டும் கவுண்ட்டரின் பெல்ட் அறுந்தாலும் இதே கதை. உணரி இல்லாத மலிவான டெக்கில் இந்தப் பழுது கேசட்டையே தின்னும். கேப்ஸ்டன் நாடாவை விட்டுக்கொண்டே இருக்க, சுருட்ட ஆளில்லாமல் அது ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

ஆகவே, போனால் போகட்டும் என்ற ஒரு கேசட்டைப் போட்டு வலப்பக்க ரீலைக் கவனியுங்கள். திணறிச் சுழன்றால் ஐட்லர். நாடா நகரவே இல்லையென்றால், மோட்டாரிலிருந்து கேப்ஸ்டனைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்.

மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் டெக் என்றால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சில வகை பெல்ட்டுகள் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் தார்போல் உருகி, கப்பியில் ஒட்டிக் கிடக்கும். அதைச் சுரண்டாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுங்கள். கையுறை அவசியம், சட்டையில் பட்டால் போகாது. குச்சிகள் ஒரு பெட்டி தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஆல்கஹாலே நல்லது. சுவிட்சின் உள்முனைகளைத் துப்புரவாக்கும் காண்டாக்ட் கிளீனர் போன்றவற்றை ஜாலான் புசார் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் தேடலாம்.

புதிய பெல்ட்டின் அளவுக்கு, பழைய பெல்ட் ஓடிய பாதையில் நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதைவிட 5 விழுக்காடு குறைவான சுற்றளவு சரியாக இருக்கும். இன்னும் இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் தேயும். தட்டைப் பெல்ட்டுக்குப் பதில் சதுரப் பெல்ட் போடுவதும் வேண்டாத வேலை.

அடுத்து கேப்ஸ்டனைத் துடையுங்கள். 2 மி.மீ. விட்டமுள்ள தண்டில் 0.01 மி.மீ. அழுக்கு சுற்றிலும் படிந்தாலே விட்டம் 1 விழுக்காடு கூடும், வேகமும் அவ்வளவு கூடும். திட்டுத்திட்டாகப் படிந்தால் குரல் நடுங்கும். பிஞ்ச் ரோலருக்கு மென்சோப்புத் தண்ணீர் போதும். ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் மாற்றுவதே வழி.

வேகத்தைச் சரிபார்க்க 3150 ஹெர்ட்ஸ் சோதனை நாடாவை ஓடவிட்டு, அதிர்வெண் காட்டும் கைப்பேசிச் செயலியில் பாருங்கள். பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத்தைத் திருத்தும் ப்ரீசெட் என்ற சிறு திருகு உண்டு. பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள்.

இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்றின் ஒலி மட்டும் வந்துவந்து போனால், ரெக்கார்ட்–ப்ளே சுவிட்ச் கறுத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மின்சாரமில்லாமல் இருபது முறை அசைத்தால் போதும்.

பெல்ட் மாற்றியும் ஒலி மந்தமாக இருந்தால், முதலில் நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். அதன்பின்தான் ஹெட்டின் ஓரத்துச் சாய்வுத் திருகு. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி நாடாவில் பிடிக்கும் அலைநீளம் 4.76 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பதிவுத் தடத்தின் அகலமோ 0.6 மி.மீ. ஹெட் கால் டிகிரி சாய்ந்தாலே தடத்தின் இரு ஓரங்களுக்கிடையே அரை அலைநீளத்துக்கு மேல் பிசகி, கீச்சொலி பாதியளவுக்கு மங்கும். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்து, மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். வீட்டுக் கேசட்டுகள் பெரும்பாலும் இதே டெக்கில் பதிந்தவை என்றால் இந்தத் திருகைத் தொடாதீர்கள். கடையில் வாங்கிய கேசட் தெளிவாகும், வீட்டில் பதிந்தவை மந்தமாகிவிடும்.