பரிணாமம் சரி, பின்னால் 'வளர்ச்சி' எதற்கு?

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு தாவரவியல் கையெழுத்துப்படியில் இப்படி ஒரு வரி: "பரிணாம வளர்ச்சியால் கொத்தான் தன் இலைகளையும் வேரையும் இழந்தது." கொத்தான் மற்றச் செடிகளை உறிஞ்சி வாழும் கொடி. வளர்ந்ததால் இழந்ததாம். சம்பளம் ஏறியதால் கடனாளி ஆனான் என்பதுபோல இருக்கிறது. மொழிபெயர்த்தவரை மட்டும் நொந்து பயனில்லை. நாளிதழ், தொலைக்காட்சி, மேடை என்று எங்கே திரும்பினாலும் 'பரிணாமம்' தனியாக வருவதில்லை. நிழல்போல ஒரு 'வளர்ச்சி' கூடவே வருகிறது.

சொல்லின் கதை சிறியது. 'எவல்யூஷன்' இலத்தீனில் சுருளை விரித்தல். 1744-இல் ஹாலர் என்ற சுவிஸ் மருத்துவ அறிஞர் அதைக் கருவுக்குச் சொன்னார்: உள்ளே ஏற்கெனவே முழுதாக இருப்பது மெல்ல விரிகிறது என்ற பொருளில். டார்வினுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை போலும். 1859-இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. அவர் சொன்னதெல்லாம் 'மாற்றத்தோடு தொடரும் வழிவழி மரபு' என்பதுதான். 1872-இல் ஆறாம் பதிப்பில்தான் ஊரோடு ஒத்துப்போய் அச்சொல்லையும் எடுத்துக்கொண்டார். நம் 'பரிணாமம்' வடமொழி. சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் அதற்குக் காட்டும் உவமை, பால் தயிராவது. மாற்றம், அவ்வளவே. தயிர் பாலைவிட வளர்ந்தது என்று எந்தச் சாங்கியரும் சொல்லவில்லை.

கொத்தானுக்கே வருகிறேன். கடற்கரைப் புதர்களின்மேல் பச்சையும் மஞ்சளுமாய் நூல் நூலாகப் படர்ந்து கிடக்கும். ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் சட்டென்று வராது. புதரின் தண்டைத் தொடும் இடத்தில் குட்டி உறிஞ்சிகளை ஊன்றி இறுகப் பிடித்திருக்கும். இலை என்று பார்த்தால் கண்ணுக்கு எட்டாத செதில். பிரியாணிக்குப் போடும் பட்டையின் குடும்பம் இது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பூவைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: மகரந்தப்பை பட்டை மரத்தில் இருப்பதுபோலவே மடல் மடலாகத் திறக்கிறது. தூத்துமக் கொத்தான் என்று இன்னொன்று உண்டு. பார்வைக்கு அதே நூல்கொடி. ஆனால் அது சர்க்கரைவள்ளியின் குடும்பம். உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக இலையைத் தொலைத்து ஒரே கோலத்துக்கு வந்து நிற்கின்றன. இதில் எது வளர்ச்சி?

'படிமலர்ச்சி' என்று சொல்லலாமே என்பார்கள். அழகான சொல்தான், அழகில் மயங்கித்தான் நானும் பத்து வருடம் எழுதினேன். பாசிக்கும் பெரணிக்கும் பூவே கிடையாது, அவற்றுக்கு என்ன மலர்ச்சி என்ற குசும்பை விட்டுவிடலாம். சிக்கல் 'படி'யில் இருக்கிறது. படி என்றால் ஏணி. ஏணி என்றால் கீழே பாசி, உச்சியில் மனிதன். 'கீழ்நிலைத் தாவரம்', 'உயர்நிலைத் தாவரம்' என்று பாடத்தில் படித்தோமே, அதே ஏணி. தாவரங்கள் படிப்படியாகத்தான் மாறும் என்பதும் உண்மையில்லை. குரோமோசோம் தொகுதி ஒரே தலைமுறையில் இரட்டித்துப் புது இனம் பிறந்துவிடும். ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று புற்களின் வழி வந்து கூடியவை. கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பிரிட்டிஷ் அறிவியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். தாவரங்களில் இந்த எண்ணிக்கை எப்படியெல்லாம் பெருகிக் கிடக்கிறது என்று அதைப் புரட்டினால் தெரியும். 1950-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஸ்டெபின்ஸ் தாவரப் பரிணாமத்தைப் பற்றிய தம் பெருநூலில் இதற்கென்றே இடம் ஒதுக்கினார். ஒரே தாவலில் மாடி ஏறியவனிடம் படிக்கணக்கு கேட்க முடியுமா? 'படி' என்றால் நகல் என்றும் பொருளுண்டே, பிரதி எடுக்கும்போது விழும் பிழைதானே மாற்றத்துக்கு விதை என்று வாதாடலாம். நல்ல வாதம். ஆனால் சொல்லைக் கேட்டதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நகலா நினைவுக்கு வரும்?

இலங்கைப் பாடநூல்களில் பரிணாமத்துக்குச் சொல் 'கூர்ப்பு'. தனித்தமிழ் அன்பர்கள் இதைக் காட்டி, இதோ சொல், எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அங்கே படித்தவர்களுக்கு அது வாயில் ஊறிய சொல், அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தொல்காப்பியம் என்ன சொல்கிறது? "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்." இருப்பது மிகுந்து சிறத்தல். முன்வாசலில் துரத்திய வளர்ச்சி கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் இலக்கண வகுப்பிலேயே கிடக்கிறது. சொற்கள் சேரும்போது வரும் விகாரம், அதாவது மாற்றம், மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ப் தோன்றுகிறது, முட்செடியில் ள் ட்-ஆகத் திரிகிறது, மரவேரில் ம் கெடுகிறது. செடிகளிலும் இதே கதைதான். பூ என்ற ஒன்றே முன்பு இல்லாமல் பின்பு தோன்றியது. சப்பாத்திக்கள்ளியின் முள் இலையின் திரிபு. கொத்தானில் இலை கெட்டது. மூன்றும் சமம். பொற்குடத்தைவிட மரவேர் தாழ்ந்தது என்று எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைத்ததில்லை.

அறிவியலைத் தமிழில் சொல்கிறவர்களிடம் எனக்கு இன்னொரு மனத்தாங்கல். "கள்ளிச்செடி நீரைச் சேமிக்க முடிவு செய்து இலைகளை முள்ளாக மாற்றிக்கொண்டது" என்று எழுதுகிறார்கள். கள்ளி கூட்டம் போட்டுத் தீர்மானமா நிறைவேற்றியது? அகன்ற இலை உள்ளவை வறட்சியில் மடிந்தன, ஒடுங்கிய இலை உள்ளவை விதை போட்டன என்று எழுதினால் ஒரு வரிதான் கூடும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்.

மெய்ப்பில் 'வளர்ச்சி'யை அடித்துவிட்டு, உற்சாகத்தில் "கொத்தானில் இலையும் வேரும் கெட்டன" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் கூப்பிட்டார்.

"சார், எலை அழுகிப்போச்சுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

நினைத்துக்கொள்வார்கள்தான். "பரிணாமத்தில் கொத்தான் தன் இலைகளையும் வேரையும் இழந்தது" என்றே அச்சுக்குப் போனது.